சவலைப் பன்றிக்குட்டிகளுக்கு அமினோ அமிலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்றிப் பண்ணைக்காரர்களுக்குத் தீவனக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஈற்றுக்கு ஒன்றிரண்டு குட்டிகள் ஒரு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்து, தேறாமல் நிற்கும்போது எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவரவர் கேட்ட வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன். எடைக் கணக்கெல்லாம் யார்க்‌ஷயர், லேண்ட்ரேஸ், அவற்றின் கலப்பு ஆகியவற்றுக்கானது. நாட்டுப்பன்றிக் குட்டி இயல்பிலேயே சிறியது, அதற்குப் பொருந்தாது.

குட்டி சின்னதா இருந்தா சவலைன்னு சொல்லிடலாமா?

எடை ஒரு அடையாளம்தான். 1.1 கிலோவுக்குக் கீழே பிறந்தால் சந்தேகப்படலாம். ஆனால் சிறியதாக இருந்தாலும் உடம்பு அளவாக அமைந்த குட்டி, பால் மட்டும் ஒழுங்காகக் கிடைத்தால் சமாளித்துவிடும். வயிற்றிலேயே வளர்ச்சி குன்றிய குட்டி வேறு மாதிரி இருக்கும். நெற்றி டால்பின் போலப் புடைத்து நிற்கும், கண் பிதுங்கியிருக்கும், ரோமம் ஒரு திசையில் படியாமல் கலைந்து கிடக்கும், வாயோரம் சுருக்கம் தெரியும்.

தலை பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. கருவில் உணவு பற்றாமல் போகும்போது உடம்பு இருக்கிற ரத்தத்தை மூளைக்கு அனுப்பிவிட்டு ஈரல், குடல், தசை மூன்றையும் பட்டினி போடுகிறது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அந்தப் பட்டினி கிடந்த குடலைப் பற்றியவை.

ஒரே வயித்துல ஒண்ணு ஒன்றரை கிலோ, ஒண்ணு எழுநூறு கிராம். எப்படி சார்?

கருப்பைக்குள் இடத்துக்கும் ரத்தத்துக்கும் போட்டி. ஒவ்வொரு கருவுக்கும் தனி நஞ்சுக்கொடி. அது சிறியதாக அமைந்த கருவுக்குச் சினைக்காலமான 114 நாளும் உணவு குறைச்சல்தான். குட்டி எண்ணிக்கை கூடக் கூட இது கூடும். தாய்ப்பன்றிக்குச் சினைக்காலத்தில் தீவனம் குறைந்தாலும், வெயில் கொளுத்தினாலும் இன்னும் மோசமாகும். இனவிருத்திக்கு விட்ட ஆண்பன்றி மேல் பழி போடுகிறவர்கள் உண்டு; பெரும்பாலும் அது வீண் பழி.

புரதம் நிறைய கொடுத்தா போதாதா? அமினோ அமிலம்னு தனியா எதுக்கு?

புரதம் உடைந்தால் கிடைப்பது அமினோ அமிலம். குட்டியின் உடம்பு அவற்றைக் குறிப்பிட்ட விகிதத்தில் கோத்துத்தான் தசை கட்டும். சம்பங்கி, ரோஜா, மருக்கொழுந்து என்று முறை வைத்து மாலை தொடுப்பவரிடம் ரோஜா தீர்ந்துவிட்டால், கூடை நிறையச் சம்பங்கி இருந்தும் மாலை நின்றுவிடும். மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் கலந்த தீவனத்தில் முதலில் தீருவது லைசின் என்ற அமினோ அமிலம். அடுத்தடுத்துத் திரியோனின், மெத்தியோனின், அப்புறம் டிரிப்டோபன், வாலின்.

லைசின் குறையை ஈடுகட்ட சோயாவை அள்ளிப் போட்டால் குட்டிக் குடல் அவ்வளவையும் செரிக்காது. மிச்சப் புரதம் பெருங்குடலுக்குப் போய் அழுகும், கழிச்சல் வரும். இதனால்தான் குட்டித் தீவனத்தில் மொத்தப் புரதத்தைக் குறைத்து, குறைகிற அமினோ அமிலத்தைத் தனியாகச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் கழிச்சலுக்காகப் போட்டுவந்த மருந்தளவு துத்தநாக ஆக்சைடை 2022 ஜூனில் நிறுத்திய பிறகு அங்கே இது இன்னும் கூடியது.

பிறந்த அன்னைக்கே அமினோ டானிக் ஊத்தலாமா?

முதல் நாள் சீம்பாலுக்கு உரியது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு குட்டிக்குக் குறைந்தது 200 கிராம் சீம்பால் உள்ளே போக வேண்டும், 250 கிராம் என்றால் நிம்மதி. அதற்குப் பிறகு நோய் எதிர்ப்புப் புரதத்தை முழுசாக உறிஞ்சும் வழியைக் குடல் மூடிவிடும். பன்றிக்குட்டிக்கு உடம்புச் சூட்டைக் காக்கும் பழுப்புக் கொழுப்பும் கிடையாது. படுக்கிற இடத்தில் 32 முதல் 34 டிகிரி சூடு இல்லையென்றால் குளிரில் சோர்ந்து, காம்பு தேடவே எழாது. பெரிய குட்டிகளை ஒரு மணி நேரம் ஒதுக்கிவைத்துவிட்டுச் சின்னதுகளை மட்டும் குடிக்க விடுங்கள். உறிஞ்சத் தெம்பில்லாத குட்டிக்குத் தாயிடமிருந்தே கறந்து புகட்டுங்கள். மாட்டுச் சீம்பால் சத்துக்கு உதவும், ஆனால் பன்றி நோய்களுக்கான எதிர்ப்பு அதில் இருக்காது.

டானிக் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. குட்டி 100 கிராம் எடை கூடினால் அதில் சுமார் 15 கிராம் புரதம், அந்தப் புரதத்தில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிராம் லைசின். உங்கள் பாட்டில் லேபிளில் 5 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள், அது எவ்வளவு சொற்பம் என்று புரிந்துவிடும்.

தாய்ப்பால்தான் முழு உணவாச்சே, அதுல என்ன குறை வரும்?

ஏறக்குறைய முழு உணவுதான், ஆனால் இரும்புச்சத்தும் அர்ஜினின் என்ற அமினோ அமிலமும் அதில் போதாது. இங்கே பேச்சு அர்ஜினினைப் பற்றி. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் குவாயாவ் வூ குழுவினர் இதை நீண்ட காலம் ஆராய்ந்தார்கள். ஒரு வார வயதுக் குட்டிக்குத் தேவையான அர்ஜினினில் 40 சதவீதத்தைக்கூடப் பன்றிப்பால் தருவதில்லை. மீதியைக் குட்டியே தயாரித்துக்கொள்ள வேண்டும். குடல் முதலில் சிட்ருலினை உண்டாக்கும், அது அர்ஜினினாக மாறும். பிறந்த ஓரிரு நாளில் இந்த வேலை நன்றாக நடக்கும், ஒரு வாரத்துக்குள் மளமளவென்று குறைந்துவிடும். நல்ல குட்டிக்கே இந்த நிலை என்றால், குட்டையான, மெல்லிய சுவர் கொண்ட குடலோடு பிறந்த சவலைக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தாய்ப்பன்றிக்கு அர்ஜினின் கொடுத்தால் பாலில் வந்துவிடாதா என்று அடுத்த கேள்வி வரும். வராது. மடியே அர்ஜினினின் பெரும்பகுதியை உடைத்து வேறு வேலைக்கு எடுத்துக்கொள்கிறது.

அப்போ அர்ஜினின் எவ்வளவு, எப்படி கொடுக்கறது?

2004இல் வெளியான ஒரு ஆய்வில், ஏழாம் நாள் தாயிடமிருந்து பிரித்து பால்பவுடர் கரைசலில் வளர்த்த குட்டிகளுக்கு 0.2, 0.4 சதவீதம் அர்ஜினின் சேர்த்தார்கள். சேர்க்காத குட்டிகளைவிட எடை கூடும் வேகம் முறையே 28, 66 சதவீதம் அதிகம். ரத்தத்தில் அம்மோனியாவும் குறைந்தது. இந்த 66ஐத்தான் விற்பனைக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். அவை தாயிடம் குடிக்காத, கருவியில் வேண்டிய மட்டும் பால் கிடைத்த குட்டிகள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். நம் பண்ணையில் அந்த எண்ணை எதிர்பார்க்கக் கூடாது.

நான் சொல்வது இதுதான்: சவலைக்குப் புட்டியிலோ தட்டிலோ கூடுதல் பால் கொடுக்கிறீர்கள் என்றால், ஏழாம் நாளிலிருந்து ஒரு கிலோ பால்பவுடருக்கு 4 கிராம் அர்ஜினின் கலக்கலாம். வெறும் அர்ஜினின் கடுமையான காரத்தன்மை உள்ளது, பாலின் சுவையே மாறும். ஹைட்ரோகுளோரைடு வடிவம் வாங்குங்கள். அதில் அர்ஜினின் 83 சதவீதம்தான் என்பதால் 4 கிராமுக்குப் பதில் 4.8 கிராம் வரும். கூடுதல் பாலே கொடுக்கவில்லை என்றால் அர்ஜினினை மறந்துவிட்டு முதலில் பாலை ஏற்பாடு செய்யுங்கள். வெறும் பசும்பால் போதாது: பன்றிப்பாலில் கொழுப்பு 7 சதவீதத்தை ஒட்டி இருக்கும், பசும்பாலில் அதில் பாதிதான்.

குளூட்டமினும் அதே சமயத்துல கொடுக்கணுமா?

இல்லை, அதற்கு நேரம் வேறு: பால் மறக்கடிக்கும்போது. குடல் செல்கள் எரிபொருளாக எரிப்பதில் குளூட்டமின் என்ற அமினோ அமிலம் முக்கியமானது. பால் நின்றதும் குட்டி ஓரிரு நாள் சரியாகத் தின்னாது. குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நீட்சிகள் அந்த நாட்களில் சுருங்கிவிடும். 1996இல் வூ குழுவினர் 21 நாளில் பிரித்த குட்டிகளின் தீவனத்தில் 1 சதவீதம் குளூட்டமின் சேர்த்தபோது முதல் வாரத்தில் அந்தச் சுருக்கம் தடுக்கப்பட்டது. இரண்டாம் வாரத்தில் தின்ற தீவனத்துக்குக் கிடைத்த எடையும் கூடியது.

100 கிலோ தீவனத்துக்கு ஒரு கிலோ, பிரித்த முதல் இரண்டு வாரம் மட்டும். நம் ஊரில் பல பண்ணைகளில் 42 நாள், 56 நாள் வரை தாயோடு விடுகிறார்கள். அந்த வயதில் குடல் ஓரளவு தேறியிருக்கும், குளூட்டமின் செலவு அவ்வளவு பலன் தராது. தண்ணீரில் கலந்தால் நிலைக்காது, அன்றன்றைக்குக் கலக்கியதை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

அஜினமோட்டோவும் அதே சாமான்தானாமே? மளிகைக் கடையில மலிவா கிடைக்குது.

பக்கத்து வீட்டுக்காரர், அதே ஆள் இல்லை. அஜினமோட்டோ என்பது குளூட்டமேட்டின் சோடிய உப்பு. குளூட்டமேட்டையும் குடல் எரிபொருளாக எரிக்கிறது. தீவனத்தில் வரும் குளூட்டமேட் ஏறக்குறைய முழுவதும் குடலைத் தாண்டுவதற்குள்ளேயே செலவாகிவிடும். பால் மறந்த குட்டிகளுக்கு இதைச் சேர்த்துப் பலன் கண்ட ஆய்வுகளும் உண்டு. ஆகவே முழு அபத்தம் என்று ஒதுக்க மாட்டேன்.

ஆனால் அதில் எட்டில் ஒரு பங்கு சோடியம். சாதாரண உப்பைக் குறைக்காமல் இதையும் கொட்டி, குடிநீர் நிப்பிளும் அடைத்துக்கொண்டால் பன்றிக்கு உப்பு நஞ்சாகி வலிப்பு வரும். கணக்குத் தெரியாமல் கை வைக்க வேண்டாம்.

லைசின் பவுடர் எத்தனை கிராம் போடணும்? ஒரே எண்ணா சொல்லுங்க.

ஒரே எண் கிடையாது, ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 2012 அட்டவணைப்படி 5 முதல் 7 கிலோ குட்டிக்குத் தீவனத்தில் செரிக்கும் லைசின் 1.50 சதவீதம் இருக்க வேண்டும். 7 முதல் 11 கிலோ வரை 1.35, 11 முதல் 25 கிலோ வரை 1.23.

ஒன்பது கிலோ குட்டிக்கு மக்காச்சோளம் 60 கிலோ, சோயா புண்ணாக்கு 30, கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 5, எண்ணெயும் தாது உப்பும் 5 என்று 100 கிலோ கலக்கிறீர்கள். மக்காச்சோளத்திலிருந்து சுமார் 150 கிராம் லைசின், சோயாவிலிருந்து 840, பால்பவுடரிலிருந்து 140. மொத்தம் 1,130 கிராம், அதில் செரிப்பது ஏறத்தாழ ஒரு கிலோ. தேவை 1,350 கிராம், குறைவது 350. கடையில் கிடைப்பது லைசின் ஹைட்ரோகுளோரைடு, அதில் லைசின் 78 சதவீதம். ஆக 450 கிராம் போட வேண்டும். சோயாவைக் குறைத்துத் தவிட்டைக் கூட்டினால் இந்த எண் மாறிவிடும்.

வெறும் லைசினைக் கையால் வாயில் போடுவது வீண். தனி லைசின் வேகமாக ரத்தத்தில் ஏறும். சோயாவின் புரதம் உடைந்து வருவதற்குள் அது எரிந்து போய்விடும். தீவனத்தில் சீராகக் கலந்து, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்படி வையுங்கள். ஒரு வேளை மட்டும் கொட்டுகிற பண்ணையில் லைசினின் பாதிக் காசு சாக்கடைக்குப் போகிறது.

லைசின் போட்டா மத்ததெல்லாம் தானா சரியாகிடும்னு கடைக்காரர் சொல்றாரே?

மாலைக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ரோஜா வந்ததும் அடுத்துத் தீருவது மருக்கொழுந்து. மேலே போட்ட அதே கலவையில் லைசினைச் சரிக்கட்டிய பிறகு திரியோனின் சுமார் 130 கிராம், மெத்தியோனின் சுமார் 150 கிராம் குறையும். அதையும் சேர்க்காவிட்டால் லைசினுக்குக் கொடுத்த காசுக்கு முழுப் பலன் இல்லை.

சவலைக்குத் திரியோனின் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதம் பிடிப்பேன். தீவனத்தில் வரும் திரியோனினில் பாதிக்கு மேல் குடலே எடுத்துக்கொள்கிறது, பெரும்பகுதி குடல் சுவரைக் காக்கும் சளியைச் சுரக்க. கழிச்சலில் அந்தச் சளி கரைந்து போகும்போது தேவை இன்னும் கூடும்.

கொஞ்சம் கூடப் போட்டா என்ன ஆகும்? நல்லதுதானே?

மெத்தியோனின் கூடினால் அமினோ அமிலங்களிலேயே அதிக நஞ்சு அதுதான். தீவனம் தின்பது நின்று, எடையும் நின்றுவிடும். லைசினும் அர்ஜினினும் குடலில் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போகின்றன, ஒன்றை அளவு மீறிப் போட்டால் மற்றதற்கு இடைஞ்சல். லியூசின் மிஞ்சினால் வாலினும் ஐசோலியூசினும் உடைந்து வீணாகும். பாலில் எதையும் கெட்டியாகக் கரைத்தால் குடலுக்குள் தண்ணீரை இழுத்துக் கழிச்சல் வரும். ஏற்கெனவே கழிகிற குட்டிக்கு இதையெல்லாம் நிறுத்திவிட்டு, குளுக்கோஸும் உப்புகளும் கலந்த நீர் முதலில்.

என் பையன் ஜிம்முக்குப் போறான். அவன் பவுடர்ல மிச்சம் இருக்கு, போடலாமா?

மோர்ப்புரதப் பவுடர் (வே புரோட்டீன்) என்றால் குட்டிக்கு நல்ல புரதம்தான், சர்க்கரைக்குப் பதிலான இனிப்பு எதுவும் அதில் இல்லை என்றால் கூடுதல் பாலில் கொஞ்சம் சேர்க்கலாம். ஆனால் லியூசின் தனியாக இருக்கும் பவுடர் வேண்டாம். பிறந்த பன்றிக்குட்டிகளின் ரத்தத்தில் லியூசினை மட்டும் ஏற்றிப் பார்த்த ஆய்வில், ஒரு மணி நேரத்தில் தசையில் புரத உற்பத்தி கூடியது. இரண்டு மணி நேரத்தில் அந்த ஏற்றம் போய்விட்டது, ஏனென்றால் மற்ற அமினோ அமிலங்கள் ரத்தத்தில் தீர்ந்துவிட்டன. அவன் பவுடரின் விலைக்கு எத்தனை கிலோ பால்பவுடர் வரும் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்க ஓட்டல் சாப்பாடுதான் போடறோம். அதுல கலந்துக்கலாமா?

வளர்ந்த பன்றி எப்படியோ சமாளிக்கும், சவலைக்கு வேண்டாம். இன்றைக்குச் சோறு, நாளைக்குப் பிரியாணி, மறுநாள் இட்லி மாவு. எதில் எவ்வளவு லைசின் என்று கணக்கே போட முடியாது. தண்ணீர்தான் முக்கால் பங்கு. சின்ன வயிறு அதிலேயே நிரம்பிவிடும். கொதிக்க வைக்காமல் போட்டால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பயம் வேறு. 2020இல் அது இந்தியாவுக்குள் வந்ததிலிருந்து இந்த விஷயத்தில் நான் வளைந்து கொடுப்பதில்லை.

பால் மறந்து பத்துப் பன்னிரண்டு கிலோ வரும்வரையாவது உலர் தீவனம் போடுங்கள். மலிவாகப் புரதம் வேண்டுமென்றால் உப்பு குறைந்த மீன்தூள், வேகவைத்த முட்டை. பச்சை முட்டை கூடாது, வெள்ளைக்கருவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. சரியாக வறுபடாத சோயாவிலும் அதே தொல்லை.

சினையா இருக்கும்போதே தாய்க்குக் கொடுத்துத் தடுக்க முடியாதா?

நல்ல கேள்வி. 2007இல் வெளியான ஆய்வில், முதல் ஈற்றுப் பன்றிகளுக்குச் சினையின் 30ஆம் நாளிலிருந்து 114ஆம் நாள் வரை தீவனத்தில் 1 சதவீதம் அர்ஜினின் ஹைட்ரோகுளோரைடு கொடுத்தார்கள். உயிரோடு பிறந்த குட்டிகள் ஈற்றுக்குச் சுமார் 2 கூடின, ஈற்றின் மொத்த எடை 24 சதவீதம் கூடியது. அர்ஜினினிலிருந்து உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு ரத்தக்குழாயை விரிக்கும், நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கூடும் என்பது விளக்கம்.

பின்னால் வந்த சோதனைகள் எல்லாவற்றிலும் இதே பலன் வரவில்லை. கணக்கும் பாருங்கள்: தினம் 2 கிலோ தின்னும் பன்றிக்கு 20 கிராம், 84 நாளைக்கு 1.7 கிலோ. சினைப்பன்றிக்கு ஒழுங்கான தீவனமும் நிழலும் கொடுக்காத பண்ணையில் இந்தச் செலவை நான் பரிந்துரைப்பதில்லை.

எல்லாம் கொடுத்தா கூடப் பிறந்ததை எட்டிப் பிடிச்சிடுமா?

பெரும்பாலும் பிடிக்காது. தசை நார்களின் எண்ணிக்கை பிறக்கும்போதே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. பிறந்த பிறகு நார் பருக்கும், எண்ணிக்கை கூடாது. நார் குறைவான பன்றிக்கு நிறையக் கொடுத்தால் மிச்சம் கொழுப்பாகத்தான் சேரும். விற்பனை எடைக்கு வரக் கூடுதல் வாரங்கள் ஆகும், அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு வளருங்கள்.

இதில் பலர் தவறவிடுவது, தீவனத்தை வயதை வைத்து மாற்றுவது. கூடப் பிறந்தவை 11 கிலோ வந்ததும் கொட்டில் முழுக்க அடுத்த தீவனத்துக்குப் போய்விடுவார்கள். சவலை அப்போது 7 கிலோவில் நிற்கும். அதற்கு மட்டும் முதல் தீவனத்தையே இன்னும் இரண்டு வாரம் நீட்டுங்கள். எந்தப் பொடியையும்விட இது மலிவு.

கையில காசு கம்மி. ஒண்ணே ஒண்ணு வாங்கணும்னா எதை வாங்க?

எடைத்தராசு. அப்புறம் படுக்கைக்குச் சூட்டு பல்பு. அதற்கும் மேல் மிச்சம் இருந்தால் லைசினும் திரியோனினும் மெத்தியோனினும் சேர்த்து. இம்மூன்றும் தீவனச் சரக்காக எங்கும் கிடைக்கும். அர்ஜினினும் குளூட்டமினும் அவற்றைவிடப் பல மடங்கு விலை, கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 800 கிராமுக்குக் கீழே பிறந்து, முதல் நாளே உறிஞ்சாத குட்டிக்கு எதைக் கொடுத்தாலும் காசு திரும்பி வருவது அபூர்வம்.

தேறின பெட்டைக் குட்டியை இனவிருத்திக்கு வச்சுக்கலாமா?

வேண்டாம், பார்க்க எவ்வளவு நன்றாகத் தேறியிருந்தாலும். குடலைப் போலவே கருப்பையும் சினைப்பையும் கருவிலேயே குறைவாக வளர்ந்திருக்க வாய்ப்புண்டு. காதில் குறி போட்டுக் கறிக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எது சவலையாகப் பிறந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.